அப்பாவின் 99 ஏ.பி.ஓ. கடிதங்கள்

அன்புள்ள செல்விக்கு, அம்மா எழுதுவது. நலம், நலமறிய ஆவல்.

வாட்ஸ்அப்பில் தம்பி அனுப்பிய, அப்பா பட்டாளத்திலிருந்து எழுதிய கடிதங்களைப் பார்த்துவிட்டு, "சண்டையைப் பத்தி ஒரு வரிகூட இல்லையேம்மா, எல்லாம் மாட்டுக் கணக்கும் மணியார்டர் கணக்கும்தான்" என்று சிரித்தாயே, அதைப் போனில் சொல்லி முடியாது, அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் அதையெல்லாம் யார் யார் படித்தார்கள் என்று பார். அங்கே அவருடைய யூனிட்டில் ஒரு ஆபீசர் படித்த பிறகுதான் தபாலுக்கே போகும். ஊர் பேர், ஆறு, எத்தனை பேர் இருக்கிறார்கள் எதுவும் எழுதக் கூடாது. அனுப்புநர் முகவரி வெறும் 99 ஏ.பி.ஓ., அதாவது ராணுவத் தபாலாபீஸ் நம்பர்; அது எந்த ஊர் என்று நம் போஸ்ட்மேனுக்கே தெரியாது. இங்கே வந்தால் உன் தாத்தா பெயருக்குத்தான் வரும்; புதுப் பெண்டாட்டி பெயருக்குக் கடிதம் போடுகிற வழக்கம் அப்போது நம் வேலூர்ப் பக்கம் ஏது? திண்ணையில் உன் சித்தப்பா சத்தமாகப் படிப்பார், நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்பேன். இத்தனை பேருக்கு நடுவில் மனுஷன் என்னத்தை எழுதுவார்? "செவலைக்குத் தவிடு குறைக்க வேண்டாம். இருட்டிய பிறகு கொட்டகைக்குத் தனியாகப் போக வேண்டாம்." கொட்டகைக்குப் போய்த் தவிடு வைப்பது நான்தான், அப்போது நீ வயிற்றில். இப்போது சொல், அது மாட்டுக் கணக்கா?

1971 டிசம்பர் 3ஆம் தேதி பாகிஸ்தானோடு சண்டை மூண்டது. "இங்கே ஒன்றுமில்லை, பயப்பட வேண்டாம்" என்று நவம்பரில் அவர் எழுதியது அதற்கப்புறம்தான் வந்து சேர்ந்தது, ரேடியோவில் வேளைக்கு வேளை சண்டைச் செய்தி ஓடிக்கொண்டிருந்தபோது! 16ஆம் தேதி டாக்காவில் பாகிஸ்தான்காரர்கள் சரணடைந்துவிட்டார்கள், 93,000 பேர் கைதி என்று ஊரே பேசியது. எனக்கு அடுத்த கடிதம் வரும்வரை சோறு இறங்கவில்லை.

அதில் ஒரு வார்த்தையை மட்டும் கறுப்பு மையால் அடித்திருப்பார்கள். விளக்கில் பிடித்துப் பார்த்தும் தெரியவில்லை. லீவில் வந்தபோது கேட்டேன். மதுமதியாம், ஆற்றின் பேர். அவர் சாப்பர்தானே, பட்டாளத்துக்குப் பாலம், பாதை போடுகிறவர்; பாலம் போட்ட இடமாக இருக்கும். யாரோ ஒருத்தி பேரோ என்று நான் நினைத்ததை அவரிடம் சொல்லவில்லை.

சரி, ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றாயே, முகவரிப் பக்கத்தையும் சேர்த்து எடு, முத்திரைத் தேதி அதில்தான் இருக்கிறது. பொங்கலுக்கு வா, கையில் தருகிறேன். கூரியரில் அனுப்பச் சொல்லாதே, அனுப்ப மாட்டேன்.

இப்படிக்கு,
அம்மா