பெயர்ப் பட்டியல் போடுபவர்களே, ரய்யானை ரய்யானாக விடுங்கள்

குழந்தைப் பெயர்ப் புத்தகங்களும் பெயர்ச் செயலிகளும் தயாரிக்கும் நண்பர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வணக்கம்.

கடலோர ஊர் ஒன்றில் அரபி மதரஸாவில் பாடம் சொல்லிக்கொடுப்பவன் நான். பிள்ளை பிறந்த வீட்டார் முன்பெல்லாம் பெயர் கேட்டு வருவார்கள். இப்போது பெயரை அவர்களே முடிவு செய்துவிட்டு, அர்த்தம் சரிதானா என்று பார்க்க மட்டும் வருகிறார்கள். அவர்கள் கையில் இருப்பது உங்கள் பட்டியல். எல்லாப் பெயரையும் பேச இங்கே இடமில்லை. ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

போன ரமலானில், தோஹாவிலிருந்து விடுமுறையில் வந்திருந்த ஒரு தம்பி, தராவீஹ் என்ற இரவுத் தொழுகை முடிந்ததும் போனை நீட்டினார். “ஆலிம்சா, ரய்யான்னு வைக்கலாம்னு இருக்கோம். ஒண்ணுல சொர்க்கத்து வாசல்னு போட்டிருக்கு, இன்னொண்ணுல சின்ன அரசன்னு இருக்கு, வேறொண்ணுல துளசிங்குறான். எதை நம்புறது?” நான் வாங்கிப் பார்த்தேன். மூன்றுக்கும் கீழே அதிர்ஷ்ட எண், அதிர்ஷ்ட நிறம், துலா ராசி என்று வேறு போட்டிருந்தது. நோன்பு மாதத்தில் பிறந்த பிள்ளைக்கு அரபிப் பெயர் தேடுகிறவருக்கு ராசி எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. ‘ர’வில் தொடங்கினால் துலாம் என்று கணினியே நிரப்பிவிடுகிறது போலிருக்கிறது.

ரா, வாவ், யா என்ற மூன்று எழுத்து வேரிலிருந்து வருவது ரய்யான். தொண்டை குளிரத் தண்ணீர் குடித்துத் தாகம் அடங்கியவன் என்று பொருள். இதற்கு எதிர்ச்சொல் அத்ஷான், தாகத்தில் தவிப்பவன். நீர் நன்றாகப் பாய்ந்து தளதளவென்று நிற்கும் மரக்கிளையையும் அரபிகள் ரய்யான் என்பார்கள். அதே வேரில் பிறந்த சொற்கள் நமக்குப் பழக்கமானவைதான். ஹஜ்ஜுக்குப் போய்வந்த யாரையும் கேளுங்கள், துல்ஹஜ் மாதம் 8-ஆம் நாளை ‘தர்வியா நாள்’ என்று சொல்வார்கள். மக்காவை அடுத்த மினாவுக்குக் கிளம்புமுன் ஹாஜிகள் தண்ணீர் நிரப்பிக்கொண்ட நாள் அது. ஹதீஸ், அதாவது நபிமொழி, அறிவிப்பாளரை ‘ராவி’ என்கிறோமே, அதுவும் இந்தக் குடும்பம்தான். பழைய அரபியில் ‘ராவியா’ என்றால் தண்ணீர் சுமக்கும் ஒட்டகம். பிறகு கவிதையைச் சுமந்து சென்று அடுத்தவர்களுக்குக் கொடுப்பவனுக்கும் அதே பெயர் வந்தது. பாலைவனத்தில் வாழ்ந்தவர்கள் தண்ணீரையும் சொல்லையும் ஒரே வேரில் வைத்திருக்கிறார்கள். எனக்கு இந்தப் பாடம் நடத்தும்போதெல்லாம் மணி போவதே தெரியாது.

சொர்க்கத்து வாசல் எங்கிருந்து வந்தது? ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரி, முஸ்லிம் என்ற இரு ஹதீஸ் தொகுப்புகளிலும் இருக்கிறது. சொர்க்கத்தில் ரய்யான் என்றொரு வாசல் உண்டு, மறுமை நாளில் நோன்பாளிகள் மட்டுமே அதன் வழியாக நுழைவார்கள், அவர்கள் நுழைந்ததும் அது அடைக்கப்படும். பகலெல்லாம் நாக்கு வறண்டு கிடந்தவர்களுக்குத் திறக்கும் கதவுக்கு ‘தாகம் தீர்ந்தது’ என்று பெயர்! ‘அர்த்தம்: சொர்க்கத்தின் வாசல்’ என்று ஒரே வரியில் போட்டு முடிக்கும்போது இந்தப் பொருத்தம் முழுவதும் காணாமல் போகிறது. அகராதியில் சென்னைக்குப் பொருள் ‘தலைநகரம்’ என்று எழுதுவது மாதிரிதான் இது.

‘குர்ஆனில் வரும் பெயர்’ என்றும் சிலர் போடுகிறீர்கள். ரய்யான் குர்ஆனில் இல்லை. அதனால் பெயருக்கு ஒரு குறைவும் வந்துவிடாது. யூசுப் நபி காலத்து எகிப்து மன்னரின் பெயர் ரய்யான் இப்னு வலீத் என்று தபரீ போன்ற பழைய வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். ஏழு கொழுத்த பசுக்களை ஏழு மெலிந்த பசுக்கள் தின்பதாகக் கனவு கண்டு, வரப்போகும் பஞ்சத்தை நினைத்துக் கலங்கிய மன்னர் அவர். நீர்வளமும் வறட்சியும் மோதும் அந்தக் கதையில் அவருக்கு இப்படி ஒரு பெயர்!

குர்ஆனில் இருப்பது ரைஹான். 55-ஆம் அத்தியாயம் சூரா ரஹ்மானில், 12-ஆம் வசனத்தில் வருகிறது. சூரா வாகிஆவிலும் உண்டு. நறுமணச் செடி என்று பொருள். இன்றைய அரபிப் பேச்சில் ரைஹான் என்றால் நம் திருநீற்றுப்பச்சை. பலூடாவில் மிதக்கும் சப்ஜா விதை அந்தச் செடியினுடையது. துளசிக்கு நெருங்கிய உறவு, ஆனால் துளசி வேறு. 973-இல் பிறந்து, இந்தியாவைப் பற்றிப் பெரிய நூல் எழுதிய அல்பிரூனியின் முழுப்பெயரில் அபூ ரைஹான் இருக்கிறது. ரைஹானுக்கு வேர் வேறு, நடுவில் ‘ஹ’ உண்டு, அது தனிப் பெயர். ‘சின்ன அரசன்’ என்பதோ அயர்லாந்துக்காரர்களின் ரயனுக்குச் சொல்லப்படும் பொருள். ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தால் மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் வரும். அதற்காக ஒரே கட்டத்தில் போட்டு அடைத்துவிடுவதா?

எழுத்துக்கூட்டல் பற்றியும் சொல்ல வேண்டும். ஐன், காஃப், கனத்த ஹா என்ற எழுத்துகள் உள்ள அரபிப் பெயர்களைத் தமிழில் எழுதுவது பெரும்பாடு. நம் முன்னோர் அரபி எழுத்திலேயே சில புள்ளிகளைக் கூட்டி அரபுத்தமிழ் என்று தனி எழுத்துமுறையே வைத்திருந்தார்கள். ரய்யானுக்கு அந்தச் சிரமம் எதுவும் கிடையாது. நடுவில் ய இரட்டிக்க வேண்டும், அவ்வளவுதான். அய்யா என்று எழுதுகிற மொழிக்கு இது ஒரு வேலையா? நீங்களோ ரியான் என்கிறீர்கள், ரேயான் என்கிறீர்கள். அந்தத் தம்பியின் உம்மா அருகில் இருந்தார். ரேயான் என்று படித்துக் காட்டியதும், “ஏன் வாப்பா, சுடிதார் துணியையா பேரா வைக்கிறீங்க?” என்று கேட்டுவிட்டார். எங்களால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அடுத்து, ‘பிரபலம் 96 சதவீதம்’ என்று போடும் கணக்கு. இது எங்கே எண்ணியது? பிரான்சில் 1900 முதல் சூட்டப்பட்ட பெயர்களின் எண்ணிக்கையை அரசுப் புள்ளிவிவர நிறுவனமே வெளியிடுகிறது. இங்கிலாந்திலும் ஆண்டுதோறும் பட்டியல் வருகிறது. அங்கேயும் ஒவ்வொரு எழுத்துக்கூட்டலையும் தனித்தனியாகத்தான் எண்ணுவார்கள். இங்கிலாந்து, வேல்ஸ் 2023 பட்டியலில் ஆண் பிள்ளைகளுக்கு முதலிடம் பிடித்தது முஹம்மத். அதையே வேறு மாதிரி எழுதிய ஒரு வடிவம் 28-ஆம் இடம். ஒழுங்காக எண்ணுகிற ஊரிலேயே நிலைமை இப்படி. நம் நாட்டில் அரசு அப்படி ஒரு பட்டியல் போடும் வழக்கமே இல்லாதபோது உங்களுக்கு மட்டும் 96 எப்படிக் கிடைத்தது?

பெயர் பரவியிருப்பது உண்மைதான். பிரான்சில் பிறந்த கால்பந்து வீரர்கள் ரயான் செர்க்கி, ரயான் ஐத் நூரி இருவரும் 2025-இல் ஒரே கோடையில் மான்செஸ்டர் சிட்டி அணிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கத்தாரில் 2022 உலகக் கோப்பையின் மூன்று அரங்குகள் அல் ரய்யான் நகராட்சியில்தான் இருந்தன. நம் ஊர்ப் பிள்ளைகள் எத்தனையோ பேர் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போய்வருகிறார்கள். அதே 2022 பிப்ரவரியில் மொராக்கோவில் ஐந்து வயது ரயான் 32 மீட்டர் ஆழமுள்ள வறண்ட கிணற்றில் விழுந்தபோது, அரபுலகமே தூங்காமல் அந்தப் பெயரைச் சொல்லித் துஆ கேட்டது. ஐந்தாம் நாள் உயிரில்லாமல்தான் தூக்கினார்கள். மணப்பாறை நடுக்காட்டுப்பட்டியில் 2019-இல் குழந்தை சுஜித் ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தபோது விழித்திருந்தவர்களுக்கு அந்த இரவுகளை விளக்க வேண்டியதில்லை.

நம் வீடுகளில் இது பரவியதற்கு என் கணிப்பில் காரணம் எளிது. சாகுல் ஹமீது, காதர் முகைதீன், நாகூர் மீரான் என்று தர்காவோடும் பாட்டனாரோடும் சேர்ந்து வந்த நீளப் பெயர்கள் ஒதுங்கி, இரண்டு அசையில் முடியும் பெயர்கள் வந்துவிட்டன. வெளிநாட்டுப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் தடுமாறாமல் கூப்பிடலாம், ஹதீஸிலும் இடம் இருக்கிறது. பழைய பெயர்கள் போவதில் எனக்கு வருத்தம் உண்டு. அந்த வழக்கை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

சரி, உங்களிடம் கேட்பது இதுதான். ரய்யானுக்கு ‘தாகம் தீர்ந்தவன், நீர்வளம் நிறைந்தவன்’ என்று பொருள் போடுங்கள். வாசலைப் பற்றிய ஹதீஸை அதன் கீழே குறிப்பாகக் கொடுங்கள். ரைஹானுக்கும் ரயனுக்கும் தனித்தனி இடம் ஒதுக்குங்கள். எண்ணாத சதவீதத்தையும் அந்தத் துலா ராசியையும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். ‘இன்றே தேர்ந்தெடுங்கள்’ என்று பெற்றோரை விரட்டவும் வேண்டாம். பிறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிட்டால் போதும். பெயரை 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம், தாமதக் கட்டணம் கட்டினால் 15 வருடம் வரைகூட இடம் உண்டு. ஆனால் ரேயான் என்று ஒருமுறை சான்றிதழில் ஏறிவிட்டால், அப்புறம் ஆதார், பள்ளிக்கூடம், பாஸ்போர்ட் என்று ஒவ்வொரு கவுண்டராக அலையப்போவது அந்தப் பிள்ளையின் வாப்பாதான்.

அடுத்த பதிப்புக்கு அரபி தெரிந்த ஒருவர் மெய்ப்புப் பார்க்க வேண்டுமென்றால் சொல்லி அனுப்புங்கள். அஸர் தொழுகைக்குப் பிறகு எனக்கு நேரம் இருக்கும்.

வஸ்ஸலாம்,
ஒரு மதரஸா ஆசிரியர்