ஜெபம் வராத நாட்களில்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். உன் கடிதத்தை மூன்று முறை வாசித்துவிட்டேன். முழங்காலில் நின்றால் வார்த்தை வரவில்லை, சபைக்குப் போனால் மனம் கசக்கிறது, அதனால் நான்கு மாதமாகப் போகவில்லை என்று எழுதியிருக்கிறாய். தொலைபேசியில் பேசியிருக்கலாம்தான். ஆனால் பேசினால் என் குரல் உடையும், நீ உடனே என்னைத் தேற்ற ஆரம்பித்துவிடுவாய், சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. உன் விசுவாசம் போய்விட்டது என்றும் நான் நினைக்கவில்லை. விசுவாசம் அற்றுப்போனவன் அதைப் பற்றி அம்மாவுக்கு நான்கு பக்கம் எழுதிக்கொண்டிருக்க மாட்டான்.

உனக்கு வந்திருப்பது பழைய நோய். எகிப்தின் வனாந்தரத்தில் துறவியாக வாழ்ந்து கி.பி. 399-இல் இறந்த எவாகிரியஸ் என்பவர் இதை அங்குலம் அங்குலமாக எழுதி வைத்திருக்கிறார். நடுப்பகலில் துறவிக்கு ஒரு சோர்வு வரும். சூரியன் நகராமல் நிற்பதுபோல் தோன்றும், ஒரு நாளுக்கு ஐம்பது மணி நேரம் இருப்பதுபோல் நீளும். அறையிலிருந்து எட்டி எட்டிப் பார்ப்பான், பிற்பகல் வேளைக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று கணக்குப் போடுவான். இருக்கும் இடம் பிடிக்காது, செய்யும் வேலை பிடிக்காது. சகோதரர்களிடம் அன்பே இல்லை, ஆறுதல் சொல்ல ஒருவரும் இல்லை என்று தோன்றும். வேறோர் இடத்துக்குப் போனால் எல்லாம் எளிதாக இருக்கும், கடவுளை எங்கிருந்தும் தொழலாமே என்று ஒரு குரல் நியாயம் பேசும்.

இதை வாசித்தபோது உன் கடிதத்தையே மறுபடி வாசிப்பதுபோல் இருந்தது. வாராவாரம் ஒரு சபையின் நேரலை, பாதியில் வேறொரு போதகரின் பிரசங்கம், அதுவும் சலித்தால் இன்னொன்று என்று எழுதியிருந்தாயே, அதுவும் அறையிலிருந்து எட்டிப் பார்ப்பதுதான். "மத்தியானத்தில் பாழாக்கும் சங்காரம்" என்று வேதாகமத்தின் 91-ஆம் சங்கீதத்தில் நாம் வாசிப்பதை அந்தத் துறவிகள் தங்கள் கிரேக்க வேதத்தில் மத்தியானப் பிசாசு என்று வாசித்தார்கள், இந்தச் சோர்வுக்கு அந்தப் பெயரையே வைத்தார்கள். இரவின் பயத்தை நாம் அடையாளம் கண்டுகொள்கிறோம். பட்டப்பகலில், எல்லாம் ஒழுங்காக இருக்கும்போது வரும் இந்த வெறுமையைத்தான் நம் குற்றம் என்று எண்ணி ஒளித்து வைக்கிறோம்.

அவிலாவின் தெரேசா என்ற ஸ்பானிய அம்மையாரைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேனா? 1515-இல் பிறந்தவர். ஜெபத்தைப் பற்றி அவரைப்போல் எழுதியவர்கள் மிகச் சிலர். பல ஆண்டுகள் ஜெப வேளையில் தேவனை நினைத்ததைவிட, மணி எப்போது அடிக்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்ததுதான் அதிகம் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். எனக்கு அதில் பெரிய ஆறுதல். மணிக்காகக் காத்திருந்தாலும் அவர் அந்த இடத்தைவிட்டு எழுந்து போகவில்லை.

"இன்னும் அதிகமாக விசுவாசி, எல்லாம் சரியாகிவிடும்" என்று சபையில் ஒருவர் உன்னிடம் சொன்னாராமே. நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். இருந்தாலும் அது தவறான ஆலோசனை. தாகத்தோடு வந்தவனிடம் இன்னும் கொஞ்சம் தாகப்படு என்று சொல்வது எதில் சேர்த்தி? பவுல் ரோமருக்கு எழுதும்போது வேறு மாதிரி பேசுகிறார். எதை வேண்டிக்கொள்வது என்றுகூட நமக்குத் தெரியாத வேளையில், "ஆவியானவர்தாமே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுதல்செய்கிறார்" என்கிறார். வாக்குக்கடங்காத பெருமூச்சு! வார்த்தை வராமல் நீ விடுகிற மூச்சையும் அவர் ஜெபக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறார்.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். அப்பா தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த பதினோரு நாட்களில் நான் ஒரு தடவைகூட ஒழுங்காக ஜெபிக்கவில்லை. எல்லோரும் "அம்மா பெரிய ஜெப வீராங்கனை" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் வராந்தாவின் பெஞ்சில் வேதாகமத்தை மடியில் வைத்துக்கொண்டு "ஆண்டவரே" என்று ஆரம்பிப்பேன். அதற்குமேல் ஒன்றும் வராது. ஆறாம் நாள் இரவு ஒருவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. என் மடியிலிருந்த வேதாகமத்தை எடுத்தார், மூக்குக் கண்ணாடியை மாட்டினார். அதன் ஒரு காது உடைந்து நூலால் கட்டியிருந்தது. வரிக்குக் கீழே விரலை ஓட்டிக்கொண்டு, அறிவிப்பு வாசிப்பதுபோல் ஏற்ற இறக்கமே இல்லாத குரலில் 88-ஆம் சங்கீதத்தை வாசித்தார். கோராகின் புத்திரர் என்ற ஆலயப் பாடகர்களின் பாட்டு அது. மற்றப் புலம்பல்கள் கடைசியில் எங்காவது ஒரு வெளிச்சத்துக்கு வந்துவிடும், இது வராது. நண்பர்களும் விலகிப்போனார்கள் என்று இருட்டிலேயே முடிந்துவிடும். வாசித்து முடித்து, "இதுவும் வேதத்தில்தான் இருக்கிறது அக்கா" என்று மட்டும் சொன்னார். விடியும்வரை போகவில்லை.

அவர் யார் தெரியுமா? இரண்டு வருடமாக நான் பேசாமல் இருந்தவர். ஓய்வுநாள் பள்ளிப் பொறுப்பை யாரிடம் கொடுப்பது என்று ஆரம்பித்த ஒரு சின்னப் பிரச்சினை, ஊதி ஊதிப் பெரிதாகி, ஆராதனையில் சமாதானம் சொல்லிக் கைகொடுக்கும்போது வேறு பக்கம் திரும்பிக்கொள்கிற அளவுக்கு வந்திருந்தது. அப்போது எனக்கும் உன் எண்ணமே. இந்தச் சபையே வேண்டாம், வீட்டிலிருந்து தேவனைத் தேடிக்கொள்ளலாம் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். நான் அப்படிப் போயிருந்தால், அந்த ஆறாம் நாள் இரவில் எனக்குப் பதிலாக என் ஜெபத்தை யார் சொல்லியிருப்பார்கள்?

மாற்கு சுவிசேஷத்தில் நான்கு பேர் ஒரு திமிர்வாதக்காரனைச் சுமந்துகொண்டு வந்து, கூரையைப் பிரித்து இறக்குகிறார்களே, நினைவிருக்கிறதா? சிறு வயதில் அந்தக் கூரையைத்தான் நீ திரும்பத் திரும்ப வரைவாய். இயேசு "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" என்று எழுதியிருக்கிறது. படுத்திருந்தவனின் விசுவாசத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நீ இப்போது படுக்கையில் இருக்கிறாய். சுமக்கிறவர்கள் இருக்கும் இடத்தை விட்டுப் போகாதே என்றுதான் கெஞ்சுகிறேன்.

அவர்கள் நல்லவர்கள் அல்ல என்பாய். உண்மைதான், நானும் அல்ல. ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் என்ற துறவி தம் மடத்துக்கு எழுதிய ஒழுங்குமுறையில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சின்ன விதி. காலையிலும் மாலையிலும் பொது ஜெபத்தின் முடிவில் மடத்தலைவர் கர்த்தருடைய ஜெபத்தை எல்லோருக்கும் கேட்கும்படி முழுவதும் சத்தமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் சேர்ந்து வாழ்கிற இடத்தில் மனத்தாங்கல் என்னும் முட்கள் முளைத்துக்கொண்டேதான் இருக்கும். "நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்களுக்கு மன்னியும்" என்று தாங்களே கொடுத்த வாக்கைக் கேட்டு அவற்றை அவர்கள் களைந்துகொள்ள வேண்டும் என்கிறார். எவ்வளவு தெளிந்த மனிதர் பார். முள் முளைக்காத மடத்தை அவர் கனவு காணவில்லை, நாளுக்கு இரண்டு தடவை களை எடுக்க ஏற்பாடு செய்தார்.

ஜெர்மனியில் டீட்ரிக் போன்ஹோஃபர் என்ற போதகரும் அப்படித்தான் ஒரு வழக்கத்தை வைத்தார். 1935 முதல் ஃபிங்கன்வால்டேயில், ஹிட்லருக்குப் பணியாத திருச்சபைக்காகப் போதகர்களைப் பயிற்றுவித்தார், 1937-இல் காவல்துறை அந்தப் பயிற்சிப் பள்ளியை மூடிவிட்டது. அவர் வைத்த வழக்கம் இதுதான்: எதிரில் இல்லாத ஒரு சகோதரனைப் பற்றிப் பேசக் கூடாது, தவறிப் பேசிவிட்டால் அவனிடமே போய்ச் சொல்லிவிட வேண்டும். நான் இதைச் செய்து பார்த்தேன் மகனே. முதல் வாரம் பாதி நேரம் வாயை மூடிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.

ஒன்றை மட்டும் தவறாக எடுத்துக்கொள்ளாதே. உன் சபையின் கணக்கில் குளறுபடி இருப்பதாக எழுதியிருந்தாய். மன்னிப்பு என்பதற்கு அதை மூடி மறைப்பது என்று பொருள் அல்ல. கணக்கைக் கேள், எழுத்தில் கேள், உன்னோடு இன்னும் இரண்டு பேரை அழைத்துக்கொண்டு போய்க் கேள். பலவீனர் யாருக்காவது தீங்கு நடந்தால் அவர்கள் பக்கம் நில், சபையின் பெயர் கெட்டுவிடும் என்று யார் சொன்னாலும் கேட்காதே. ஆனால் கேட்கப் போகிறவன் எத்தியோப்பியரான மோசேயையும் நினைத்துக்கொள்ள வேண்டும். முன்பு கொள்ளைக்காரராக இருந்து பிறகு எகிப்தில் துறவியானவர் அவர். தவறு செய்த ஒரு சகோதரனை விசாரிக்க அவரைக் கூப்பிட்டபோது, ஓட்டைப் பானையில் தண்ணீர் நிரப்பித் தோளில் சுமந்துகொண்டு போனாராம். வழியெல்லாம் ஒழுகுகிறதே என்றார்கள். என் பாவங்கள் எனக்குப் பின்னால் ஒழுகுகின்றன, நான் அவற்றைப் பார்ப்பதில்லை, இன்னொருவன் குற்றத்தைத் தீர்க்க வந்திருக்கிறேன் என்றாராம். அவர்கள் அந்தச் சகோதரனை மன்னித்து அனுப்பிவிட்டார்கள்.

உன்னிடம் நான் கேட்பது கொஞ்சம்தான். சொந்தமாக வார்த்தை தேடாதே, சங்கீதத்தை எடுத்து வாய்விட்டு வாசி. கண்ணால் மட்டும் ஓட்டினால் போதாது, உன் காதுக்குக் கேட்க வேண்டும். உணர்வு வருகிறதா என்று இடையில் சோதித்துப் பார்க்காதே. ஞாயிற்றுக்கிழமை போனால் கடைசி வரிசையில் உட்கார், பாட முடியாவிட்டால் மற்றவர்கள் பாடுவதைக் கேள். பக்கத்தில் இருப்பவர் யாரென்று தெரியாவிட்டால் பெயரைக் கேட்டுக்கொள்.

இன்று இரவு ஒன்பது மணிக்கு நான் 13-ஆம் சங்கீதம் வாசிக்கப்போகிறேன். ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்திலேயே "எதுவரைக்கும்" என்று நான்கு தடவை கேட்டிருக்கிறான் தாவீது. நீயும் அந்த நேரத்தில் அதையே வாசி. முடியாமல் போனால் வருத்தப்படாதே, உன் பங்கையும் சேர்த்து நானே சத்தமாக வாசித்துவிடுகிறேன். நாளைக்கு 14.

அன்புடன்,
அம்மா