கணக்கு வாத்தியார் எழுதிய கவிதை

அன்புள்ள சுந்தரம்,

இங்கே எல்லோரும் நலம். அக்காவின் முட்டிவலி தேவலையா? ராஜாமணி பழைய ராஜாமணிதான். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

கொஞ்ச நாளாக பிரையன் மெரிமன் என்ற ஐரிஷ்காரர் என்னைப் பிடித்துக்கொண்டுவிட்டார். கிளேர் பகுதியில் ஃபீக்கிள் என்ற கிராமத்தில் வாத்தியார். லினன் நூலுக்கான ஆளிச்செடி பயிரிட்டு 1797-இல் பரிசுகூட வாங்கியிருக்கிறார். அவர் பெயர் நிற்பது 1780 வாக்கில் ஐரிஷ் மொழியில் எழுதிய ஒரே நெடுங்கவிதையால். ஆயிரம் வரிக்கு மேல்!

ஏரிக்கரையில் தூங்கிப்போன கவிஞரை ஒரு ராட்சசி தரதரவென்று நள்ளிரவு நீதிமன்றத்துக்கு இழுத்துப்போகிறாள். நீதிபதி, தேவதைகளின் அரசி. வழக்கு, ஆண்கள் கல்யாணம் செய்துகொள்வதில்லை என்பது. ஒரு பெண் எழுந்து பொரிந்து தள்ளுகிறாள். புருஷன் வரவேண்டும் என்று காலுறைக்குள் பழத்தைத் திணித்துத் தலைமாட்டில் வைத்துப் படுத்தாளாம், பட்டினி கிடந்தாளாம், ஒன்றும் பலிக்கவில்லையாம். தீர்ப்பு: 21 வயதாகியும் கல்யாணம் ஆகாதவனை மரத்தில் கட்டிச் சவுக்கடி. கவிஞருக்கே முப்பது வயது, கல்யாணமாகவில்லை. அடி விழப்போகும்போது விழித்துக்கொள்கிறார். உனக்கு எத்தனை அடி என்று நீயே கணக்குப் போட்டுக்கொள்.

வெறும் கேலி இல்லை அது. கிழவனுக்கு வாழ்க்கைப்பட்ட இளம்பெண்ணின் வேதனை, கல்யாணத்துக்கு வெளியே பிறந்த குழந்தைக்கான நியாயம் எல்லாம் அதில் இருக்கிறது. 1945-இல் ஐரிஷ் எழுத்தாளர் ஃபிராங்க் ஓ'கானர் அதை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். அயர்லாந்தின் தணிக்கை வாரியம் தடை போட்டது. ஐரிஷ் மூலக்கவிதை மட்டும் தடையில்லாமல் விற்றது! எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

மெரிமன் பிற்காலத்தில் லிமெரிக் நகருக்குக் குடிபெயர்ந்தார். 1805 ஜூலையில் சில மணிநேர உடல்நலக்குறைவு, அவ்வளவுதான், போய்விட்டார். பத்திரிகையில் வந்த மரணச் செய்தி அவரைக் கணித ஆசிரியர் என்று சொன்னதோடு சரி. கவிதையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. படித்ததும் உன் முகம்தான் வந்தது, சுந்தரம்.

அந்தக் கவிதை அச்சேறியது 1850-இல். அதுவரை ஊர்க்காரர்கள் கையால் பிரதியெடுத்தார்கள், மனப்பாடமாகச் சொன்னார்கள். உன் பச்சை அட்டைக் கவிதை நோட்டுகளை யார் பிரதியெடுப்பார்கள்? "அது கிடக்கட்டும்" என்பாய். கிடக்க விடமாட்டேன். இந்த வாரமே கூரியரில் அனுப்பு, நானே தட்டச்சு செய்கிறேன். கரையான் அரித்ததையும் சேர்த்து அனுப்பு. போன வரிகள் உனக்கு ஞாபகம் இருக்கும், போனில் சொல்.

அன்புடன்,
நடராஜன்