பெனாரஸ் ராஜாவின் கிணறு: பெட்டிச் செய்தியில் விட்டுப்போனவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் 'இங்கிலாந்தின் தாகம் தீர்த்த இந்திய மன்னர்' என்று ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தீர்கள். காசி என்று நாம் சொல்லும் பெனாரஸின் ராஜா இங்கிலாந்து கிராமம் ஒன்றுக்குக் கிணறு வெட்டிக் கொடுத்த கதை, பல வருடமாக வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கும் அதே செய்திதான். நான் ரெடிங் நகரத்தில் குடியிருக்கிறேன். அந்தக் கிணறு இருக்கும் ஸ்டோக் ரோ கிராமம் இங்கிருந்து காரில் அரை மணி நேரத்துக்குள்தான். ஊரிலிருந்து யார் வந்தாலும் அங்கே அழைத்துப் போவது வழக்கமாகிவிட்டது. அதனால் சிலவற்றைத் திருத்தியும், சிலவற்றைச் சேர்த்தும் எழுதலாம் என்று தோன்றியது. கொஞ்சம் நீளமாகப் போனால் வெட்டிக்கொள்ளுங்கள்.

முதலில், இங்கிலாந்து ஒன்றும் தாகத்தில் தவிக்கவில்லை. தவித்தது ஆக்ஸ்ஃபோர்டுஷயரின் தெற்கே, சில்டர்ன் குன்றுகளின் மேல் இருந்த ஒரு சில ஊர்கள். மழைக்குக் குறைவில்லாத நாட்டில் தண்ணீர்ப் பஞ்சமா என்று கேட்பீர்கள். அந்தக் குன்று முழுக்கச் சுண்ணாம்புக் கல். பெய்கிற மழையெல்லாம் சல்லடையில் ஊற்றியது போல் நேரே கீழே இறங்கிவிடும். மேலே படிந்த களிமண்ணில் தோண்டிய குட்டைகளில் தேங்கியதுதான் குடிக்கவும், சமைக்கவும், மாட்டுக்கும். கோடையில் அதுவும் வற்றினால் மைல் கணக்கில் நடக்க வேண்டியதுதான். பக்கத்து இப்ஸ்டன் ஊர்க்காரரான எட்வர்ட் ஆண்டர்டன் ரீட் இந்தியாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியாக இருந்தவர். 1857 கலகத்தின்போது, லெப்டினன்ட் கவர்னர் கால்வின் இறந்தபின் ஆக்ராவில் பொறுப்பை ஏற்றவரும் அவர்தான். வீட்டில் மிச்சமிருந்த கடைசித் தண்ணீரைக் குடித்துவிட்டதற்காக ஒரு சிறுவனைத் தாய் அடித்தாள் என்று தன் ஊர்க் கதையை பெனாரஸ் ராஜா ஈஸ்வரி பிரசாத் நாராயண் சிங்கிடம் எப்போதோ அவர் சொல்லியிருக்கிறார். ராஜா அதை மறக்கவில்லை. ரீட் ஓய்வுபெற்றுத் தாய்நாடு திரும்பிய பிறகு, உங்கள் ஊருக்கு ஒரு கிணறு வெட்டித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினார்.

உங்கள் செய்தியில் 'கோடிகளைக் கொட்டி' என்று இருந்தது. கிணற்றுக்கு ஆன செலவு 353 பவுண்டு 13 ஷில்லிங் 7 பென்ஸ். அந்தக் காலத்துக்கு நல்ல தொகைதான், ஆனால் ஒரு ராஜாவின் கஜானாவைக் காலி செய்யும் தொகை இல்லை. 'மன்னரே நேரில் வந்து திறந்து வைத்தார்' என்பதும் தவறு. அவர் அந்தக் கிணற்றைப் பார்த்ததே இல்லை. 1863 மார்ச்சில் வேலை தொடங்கி, 1864 மே 24, விக்டோரியா ராணியின் பிறந்தநாளன்று திறந்தார்கள்.

உண்மையில் வியக்க வேண்டிய விஷயத்தை நீங்கள் விட்டுவிட்டீர்கள். ஆழம் 368 அடி. லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தைத் தலைகீழாக உள்ளே இறக்கினால்கூட இன்னும் 3 அடி மிச்சமிருக்கும். அகலமோ 4 அடிதான். வாலிங்ஃபோர்டைச் சேர்ந்த வைல்டர் பட்டறைக்காரர்கள் எடுத்துச் செய்த வேலை, முழுக்க முழுக்கக் கையால் வெட்டியது. 4 அடிக் குழிக்குள் இரண்டு பேர் நின்று கடப்பாரை போட இடமிருக்காது. ஒருவர் கீழே நின்று வெட்ட, மற்றவர் மேலே வாளியில் மண்ணை இழுக்க, இப்படியே 368 அடி. அந்த ஆட்களைப் பற்றி எந்தப் பெட்டிச் செய்தியும் வருவதில்லை என்பது என் தனிப்பட்ட வருத்தம்.

போய் நின்றால் கண்ணில் முதலில் படுவது 23 அடி உயர இரும்பு மண்டபமும் அதன் குவிமாடமும்தான். சுற்றிலும் ஆங்கிலேய ஓட்டு வீடுகள், ஒரு கடை, ஒரு பள்ளிக்கூடம், நடுவில் காசியிலிருந்து பெயர்த்து வந்தது போல் இது. குவிமாடத்தின் கீழே வட்டமாக ராஜா கொடுத்த கிணறு என்று எழுத்துப் பொறித்திருக்கும். உள்ளே வாளி இழுக்கும் பல்சக்கர இயந்திரம், அதன் தலையில் தங்க வண்ணம் பூசிய ஒரு குட்டி யானை. இயந்திரத்தைச் சுழற்றி ஒரு வாளித் தண்ணீரை மேலே கொண்டுவர சுமார் 10 நிமிடம் ஆகுமாம். காசு கிடையாது, யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். கிணற்றுக் காவல்காரர் குடும்பத்தோடு தங்கிய சின்னஞ்சிறு வீடு பக்கத்திலேயே இருக்கிறது. பராமரிப்புச் செலவுக்கு வருமானம் வேண்டுமே, அதற்காகக் கூடவே நிலம் வாங்கி செர்ரித் தோப்பு வைத்திருக்கிறார்கள், பழத்தை விற்றுச் செலவைப் பார்த்துக்கொள்ள. கோயிலுக்கு நிலம் எழுதி வைப்பது போன்ற அந்த யோசனைதான் எனக்கு ராஜாவின் தாராளத்தைவிடப் பெரிதாகப் படுகிறது. குழாய்த் தண்ணீர் ஊருக்குள் முழுதாக வந்து சேரும்வரை, 70 வருடத்துக்கு மேல் கிணறு பயன்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம். தோப்பிலேயே மீன் வடிவத்தில் ஒரு குளமும் வெட்டினார்கள், ராஜாவின் சின்னத்தில் மீன் உண்டு என்பதால்.

சரி, இப்போது கொஞ்சம் கசப்பான பகுதி. இதை 'வெள்ளையனுக்கே பிச்சை போட்டோம்' என்கிற தொனியில் எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. பெனாரஸ் ராஜா 1857ல் ஆங்கிலேயர் பக்கம் நின்றவர். கிணறு வந்தது அடுத்த ஏழு வருடத்துக்குள். அதற்கு இடையில், 1860-61ல், ரீட் வேலை பார்த்த அதே ஆக்ரா பக்கத்தில் கொடும் பஞ்சம் வந்து லட்சக்கணக்கானோர் செத்தார்கள். ராஜாவின் மனதில் இரக்கமும் இருந்திருக்கும், நட்பும் இருந்திருக்கும், ராணியின் கண்ணில் பட வேண்டும் என்ற கணக்கும் இருந்திருக்கும். 1882ல் ராணி ஒரு கொலை முயற்சியிலிருந்து தப்பியதைக் கொண்டாட ஸ்டோக் ரோ ஊராருக்கு ரொட்டியும் தேநீரும் சர்க்கரையும் வழங்க ராஜா பணம் கொடுத்ததையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். அவர் மட்டும் இல்லை, அப்போது இது ஒரு பழக்கமாகவே ஆனது. மதராஸ் மாகாணத்தில் இருந்த விஜயநகரம் சமஸ்தானத்து மகாராஜா 1867ல் லண்டன் ஹைட் பார்க்கில் ஒரு குடிநீர்த் தூண் கட்டிக் கொடுத்தார். பம்பாய் பார்சி வணிகர் கவாஸ்ஜி ஜஹாங்கீர் 1869ல் ரீஜன்ட்ஸ் பார்க்கில் இன்னொன்று. முதலாவது இப்போது இல்லை, இரண்டாவதை இன்றும் பார்க்கலாம். தர்மம், விசுவாசம், அரசியல் மூன்றும் கலந்த விவகாரம் இது. வாசகர்களுக்கு அது புரியாமல் போய்விடாது, முழுதாக எழுதுங்கள்.

அடுத்தது, 'கிணற்றைத் தவிர அங்கே பார்க்க ஒன்றுமில்லை, அரை மணி நேரம் போதும்' என்று முடித்திருந்தீர்களே, அதைப் படித்ததும்தான் எழுத உட்கார்ந்தேன்.

கிணற்றிலிருந்து சில கிலோமீட்டர் போனால் நஃபீல்ட். அங்கே நஃபீல்ட் பிளேஸ் என்று ஒரு வீடு. சைக்கிள் ரிப்பேர் கடையில் ஆரம்பித்து மோரிஸ் மோட்டார்ஸ் கம்பெனியைக் கட்டிய வில்லியம் மோரிஸ், அதாவது நஃபீல்ட் பிரபு, 1933 முதல் 1963ல் சாகும்வரை இருந்த வீடு. நம் அமைச்சர்களும் கலெக்டர்களும் ஊர்வலம் போன அம்பாசிடர் இருக்கிறதே, அது மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரின் மறு அவதாரம்தான். அந்தக் காலத்தில் இங்கிலாந்தின் பெரும் பணக்காரர்களில் ஒருவர், ஆனால் வீட்டைப் பார்த்தால் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் வீடு மாதிரி இருக்கும். படுக்கையறை அலமாரியைத் திறந்தால் கோட்டு சூட்டு இருக்காது, சுத்தியல், அரம், திருப்புளி, ஆணி டப்பா என்று ஒரு குட்டிப் பட்டறையே இருக்கும். ராத்திரி தூக்கம் வராவிட்டால் எழுந்து எதையாவது பழுது பார்ப்பாராம். போலியோ வந்து மூச்சுவிட முடியாதவர்களுக்கான 'இரும்பு நுரையீரல்' கருவிகளைத் தன் தொழிற்சாலையிலேயே செய்து பேரரசு முழுக்க இருந்த மருத்துவமனைகளுக்கு இலவசமாக அனுப்பியவர் இவர். அந்த வீட்டை இப்போது பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு பார்த்துக்கொள்கிறது. எல்லா நாளும் திறப்பதில்லை, பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

நெட்டில்பெட் ஊரில் குடியிருப்புக்கு நடுவே பெரிய பாட்டில் வடிவத்தில் பழைய செங்கல் சூளை ஒன்று நிற்கிறது. காரை நிறுத்தி ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகலாம், அவ்வளவுதான்.

இதே வட்டாரத்து யூவெல்ம் கிராமம் அப்படி இல்லை, அங்கே அரை நாள் ஆகும். 1437ல் தொடங்கிய முதியோர் இல்லம், அதையொட்டித் தேவாலயம், பள்ளிக்கூடம், மூன்றும் ஒரே சரிவில் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. முதியோர் இல்லத்தில் இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள், பள்ளியில் இன்றும் ஊர்ப் பிள்ளைகள் படிக்கிறார்கள். தேவாலயத்துக்குள் ஆலிஸ் சாசர் என்ற சீமாட்டியின் கல்லறை இருக்கிறது. கவிஞர் சாசரின் பேத்தி. மேலே தேவதைகள் புடைசூழ, கைகூப்பிப் படுத்திருக்கும் அழகான கல் உருவம். எல்லோரும் அதைப் போட்டோ எடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். தரையோடு தரையாகக் குனிந்து கீழே உள்ள கல் ஜன்னல் வழியாகப் பாருங்கள். அதே பெண்மணி, எலும்பும் தோலுமாக, வாய் பிளந்த பிணமாக, சவத்துணி விலகிக் கிடப்பார். உயிரோடு இருக்கும்போதே எப்படிச் சாகப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. நம் சித்தர்கள் பார்த்திருந்தால் நாலு பாட்டு எழுதியிருப்பார்கள். வெளியே வந்தால் ஓடையில் நீர்க்கீரைப் பாத்திகள். தண்ணீர் கண்ணாடி போல ஓடும். ஸ்டோக் ரோக்காரர்கள் 368 அடி தோண்டித் தேடிய சுண்ணாம்புப் பாறை நீர்தான் இங்கே குன்றின் அடிவாரத்தில் சும்மா ஊற்றெடுத்து ஓடுகிறது. இரண்டு ஊரையும் ஒரே நாளில் பார்த்தால்தான் அந்தக் கிணற்றின் அருமை மண்டையில் ஏறும்.

இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் வாலிங்ஃபோர்ட், அதை அடுத்து சோல்ஸி. துப்பறியும் கதை ராணி அகதா கிறிஸ்டியை சோல்ஸி தேவாலய வளாகத்தில்தான் அடக்கம் செய்திருக்கிறார்கள், 1976ல். கல்லூரிக் காலத்தில் இவரைப் படித்துவிட்டு ராத்திரி விளக்கை அணைக்கப் பயந்தவர்கள் போய் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வரலாம்.

நடக்கத் தெரிந்தவர்களுக்கு ஸ்டோக் ரோவைச் சுற்றியுள்ள பீச் மரக் காடுகளே போதும். ஏப்ரல் கடைசி, மே முதல் வாரங்களில் தரையெல்லாம் நீல மணிப்பூ விரிந்து கிடக்கும். இந்த வட்டாரக் காடுகளில் மரம் கடைந்து நாற்காலிக் கால் செய்து விற்றுப் பிழைத்தவர்கள் நிறைய. இங்கே இன்னொரு வசதி, தனியார் வயல் நடுவே ஒற்றையடிப் பாதை போனாலும், பொதுவழி என்று பலகை இருந்தால் தாராளமாக நடக்கலாம், நிலத்துக்காரர் தடுக்க முடியாது. ஆனால் பாதையை விட்டு இறங்கக் கூடாது, கேட்டைத் திறந்தால் மூட வேண்டும். நம் ஆட்கள் சிலர் ரீல்ஸ் எடுக்கப் பயிருக்குள் இறங்குகிறார்கள், ஊர்க்காரர்கள் முகம் சுளிப்பது நியாயம்தான்.

தலைக்கு மேலே பிளந்த வாலோடு செந்நிறப் பருந்துகள் வட்டமிடும். ஒரு காலத்தில் இங்கிலாந்தில் இந்தப் பறவை அறவே இல்லாமல் போயிருந்தது. 1989 முதல் ஐந்து வருடம் ஸ்பெயினிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து சில்டர்னில் விட்டார்கள். இப்போது ரெடிங்கில் எங்கள் வீட்டுக் கூரைக்கு மேலேயே சுற்றுகிறது. புல்தரையில் உட்கார்ந்து எலுமிச்சைச் சாதப் பொட்டலத்தைப் பிரிப்பவர்கள் ஒரு கண் மேலேயும் வைத்துக்கொள்ளவும்.

சாப்பாட்டுக்கு ஊரில் பப் இருக்கிறது. காட்டோர சந்தில் இருக்கும் குரூக்கட் பில்லட்டில்தான் நடிகை கேட் வின்ஸ்லெட் 1998ல் தன் கல்யாண விருந்தை வைத்தார். விலை கொஞ்சம் கூடுதல், முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். சைவம் மட்டும் என்றால் கையில் கொண்டுபோவது உத்தமம்.

போகும் வழி: லண்டன் பேடிங்டனிலிருந்து ரெடிங்குக்கோ, ட்வைஃபோர்டில் மாறி ஹென்லிக்கோ ரயில். அங்கிருந்து வாடகைக் கார்தான் சரி, குறிப்பாக ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸை நம்பி யாரும் இறங்கிவிட வேண்டாம். கிராமத்துச் சாலைகள் ஒரு கார் மட்டும் போகிற அகலம், இரு பக்கமும் ஆள் உயர வேலி, எதிரே டிராக்டர் வந்தால் காரைப் பின்னோக்கி ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும். டூரிஸ்ட் பஸ் அங்கே நுழைய முடியாது, நுழையவும் வேண்டாம். காட்ஸ்வோல்ட்ஸ் பக்கம் பிபரி என்கிற சின்ன ஊர் பஸ் கூட்டத்தில் படும் பாடு இந்த ஊருக்கு வரக் கூடாது. பாக்கேஜ் டூர் நடத்தும் நண்பர்கள் இதைப் படித்தால் தயவுசெய்து பட்டியலில் சேர்க்காதீர்கள். குடும்பமாக, நாலைந்து பேராக வருகிறவர்களுக்குத்தான் இவ்வளவும் எழுதினேன்.

கடைசியாக, நீங்கள் போட்டிருந்த படம் ஸ்டோக் ரோ கிணறே இல்லை, அதில் யானையைக் காணவில்லை. திருத்தம் வெளியிடும்போது படத்தையும் மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
ரெடிங், இங்கிலாந்திலிருந்து ஒரு நீண்டகால வாசகர்