நோயாளியைத் தூக்கும் லிஃப்ட் சோதனை குறித்து

உறுப்பினர்களுக்கு வணக்கம். பாளையங்கோட்டை வட்டாரத்தில் நாம் வீடு மாற்றி வீடு பயன்படுத்திவரும், நோயாளியைக் கட்டிலிலிருந்து தூக்கும் லிஃப்டை, அடுத்த வீட்டுக்கு அனுப்புமுன், ஞாயிறு காலை 10 மணிக்குச் சோதிக்கவிருக்கிறோம். தகட்டில் பொறித்துள்ள எடை வரம்பு வரை அரிசி மூட்டைகளை ஏற்றி, உயர்த்தி, சிறிது நேரம் நிறுத்தி, அவசரமாக இறக்கும் பிடியையும் இயக்கிப் பார்ப்போம். ஆளை வைத்துச் சோதிப்பதில்லை.

இரும்பைவிட, கொக்கியில் மாட்டி ஆளைத் தாங்கும் தொட்டில்துணியின் மீதே எனக்கு ஐயம் அதிகம். சென்ற மாதம் எங்கள் அம்மாவைத் தூக்கும்போது இடப்பக்கக் கொக்கி வளையத்தின் தையல் இரண்டு விரல் அளவுக்குப் பிரிந்திருந்ததை, நல்லவேளையாக, கட்டிலை விட்டு எழும்புமுன்னே கண்டுகொண்டேன். ஆகவே, தங்களிடம் உள்ள துணிகள் அனைத்தையும் தவறாமல் கொண்டுவாருங்கள். பிரிந்ததை வீட்டில் தைத்து ஒப்பேற்ற வேண்டாம். பிரிட்டனில் பணியிடங்களில் ஆட்களைத் தூக்கும் கருவிகளை 6 மாதத்துக்கு ஒருமுறையேனும் முழுமையாக ஆராய வேண்டுமென 1998ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. நாமும் அந்தக் கணக்கையே வைத்துக்கொள்ளலாம்.