பாடசாலை மலரின் முகப்பை மாணவரே படம்பிடிக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆண்டிறுதி நெருங்க நெருங்க, மலையகத்துப் பாடசாலைகளில் மலர் வெளியிடும் வேலைகள் சூடுபிடிப்பது வழக்கம். ஆசிச் செய்திகள் வந்து சேரும். மாணவரின் கட்டுரைகளும் கவிதைகளும் திருத்தப்படும். விளம்பரம் கேட்டு ஆசிரியர்கள் நகரத்துக் கடைகளின் படியேறி இறங்குவார்கள். இத்தனை உழைப்புக்கும் முகமாக அமைகின்ற அட்டையை மட்டும் கடைசி வாரத்தில் அச்சகத்துக் கணினிக்கு முன்னால் இருப்பவரின் பொறுப்பில் விட்டுவிடுகிறோம். நாளொன்றுக்குப் பல வேலைகளை முடித்துக் கொடுக்க வேண்டிய அவர், இணையத்தில் தேயிலைத் தோட்டம் என்று தேடி, முன்னுக்கு வந்த படமொன்றை எடுத்து, அதன்மேல் பாடசாலையின் பெயரையும் இலச்சினையையும் பொறித்துத் தந்துவிடுகிறார். அவரைக் குறைகூற எனக்கு மனமில்லை. மலரின் முகப்பு மாணவர் கையால் படம்பிடிக்கப்பட்டு, மாணவர் கையால் வடிவமைக்கப்பட்டு, அவர்களுடைய பெயருடன் வெளிவர வேண்டும் என்பதை, நீண்ட காலம் சித்திரம் கற்பித்தவள் என்ற உரிமையுடன் பாடசாலைச் சமூகத்துக்கு எடுத்துச் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

என் பார்வைக்கு வந்த மலர்களில் ஒன்றின் அட்டையில், கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரு மேடுகூட இல்லாத சமவெளித் தோட்டத்தில், அகன்ற மூங்கில் தொப்பி அணிந்த பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். அது அசாம் பக்கத்துப் படம் என்பதை மலையில் பிறந்த எந்தப் பிள்ளையும் ஒரு பார்வையில் சொல்லிவிடும். அண்மையில் வந்த வேறொன்று செயற்கை நுண்ணறிவைக் கொண்டு ஆக்கப்பட்டது. பளபளக்கும் வகுப்பறை, சிரித்த முகங்கள், கரும்பலகை நிறைய எழுத்து; அந்த எழுத்தோ தமிழுமல்ல, சிங்களமுமல்ல, வெறும் கோடுகள். தமிழ் கற்பிக்கும் ஒரு பாடசாலையின் முகப்பில் வாசிக்க முடியாத கோடுகள் தமிழ் போல நிற்பதைப் பார்த்து நான் மிகவும் வருந்தினேன். அனுமதியின்றிப் பிறர் எடுத்த படத்தைப் பிரசுரிப்பது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்துக்கு முரணாகலாம் என்பதும் ஒருபுறம் இருக்கிறது. ஆயினும் சட்டத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு.

மலையகத்து மக்களைப் பிறர் படம்பிடிப்பது இன்று நேற்றுத் தொடங்கியதன்று. புகைப்படக் கலையின் முன்னோடிகளுள் ஒருவரான ஜூலியா மார்கரெட் கமரூன் அம்மையார் 1875இல் இலங்கைக்கு வந்து, 1879 ஜனவரியில் திக்கோயாப் பள்ளத்தாக்கின் தோட்டமொன்றில் காலமாகி, பொகவந்தலாவை புனித மரியாள் ஆலய வளவில் அடக்கம் செய்யப்பட்டவர். இங்கிலாந்தில் டார்வின், டெனிசன் போன்றோரை முகம் நிறையப் படம்பிடித்து, ஒவ்வொருவரின் பெயரையும் வரலாற்றில் நிறுத்தியவர் அவர். அதே கமராவின் முன் இலங்கையில் நின்ற உழைக்கும் மக்களில் பெரும்பாலோரின் பெயர் எங்கும் எழுதப்படவில்லை. அவருக்குப் பின் வந்த படத்தபால் அட்டைகளில் கூடை சுமந்து நின்ற பெண்களுக்கும் அதே கதிதான். "கொழுந்து பறிப்பவள்" என்பதற்குமேல் அவர்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. தென்னிந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு நம் முன்னோர் வந்த 1823ஐத் தொடக்கமாகக் கொண்டு 200 ஆண்டு வரலாற்றை 2023இல் நினைவுகூர்ந்த சமூகம் நாம். பிறர் கமராவுக்கு முன்னால் பெயரின்றி நின்ற ஒரு சமூகத்தின் பிள்ளை கமராவுக்குப் பின்னால் நின்று, தன் பாடசாலையைத் தானே பார்த்து, தன் பெயரையும் போட்டுக்கொள்ளக்கூடிய முதல் இடம் பாடசாலை மலரின் அட்டைதான். அந்த இடத்தையும் இணையத்திலிருந்து இறக்கிய படத்துக்குக் கொடுத்துவிடுவது பெரிய இழப்பு.

இப்படிச் சொல்வதால், கொழுந்து பறிக்கும் தாய்மார் அட்டையில் வரக்கூடாது என்று நான் கூறுவதாக எவரும் எண்ணிவிட வேண்டாம். தாராளமாக வரட்டும். ஆனால் அவர் அந்தப் பாடசாலையில் படிக்கும் ஒரு பிள்ளையின் தாயாக இருக்கட்டும். அவரிடம் கேட்டு, அவர் விரும்பிய இடத்தில், விரும்பிய உடையில் எடுக்கப்பட்ட படமாக இருக்கட்டும். உட்பக்கத்தில் அவருடைய பெயரும் இடம்பெறட்டும். அவர் இன்று இடுப்பில் கட்டும் படங்கும், கூடைக்குப் பதிலாகச் சாக்கைச் சுமப்பவரானால் அந்தச் சாக்கும் உள்ளபடியே தெரியட்டும்.

ஹப்புத்தளைக்கு அண்மையில் ஒரு சிறிய பாடசாலையில் இந்த வேலை எவ்வளவு அழகாக நடந்தது என்பதை அருகிருந்து பார்த்திருக்கிறேன். அங்கே மணி என்பது மரக்கிளையில் கம்பியால் கட்டித் தொங்கவிடப்பட்ட தண்டவாளத் துண்டு. பத்தாம் தரத்து மாணவி ஒருத்தி, தந்தையின் கைப்பேசியை இரவல் வாங்கி வந்து, அந்த இரும்பையும் அதை அடிக்கக் கை ஓங்கி நிற்கும் ஒரு சிறுவனையும் படமாக்க விரும்பினாள். முதலில் எடுத்தவற்றில் பின்னணியிலிருந்த தகரக் கூரையும் தண்ணீர்த் தாங்கியும் சிறுவனின் தலைக்குமேல் முளைத்தாற்போல நின்றன. அவள் அதைக் கவனித்து, மறுநாள் காலை முகில் இறங்கிக் கட்டடம் மறையும்வரை காத்திருந்து எடுத்தாள். சிறுவனின் முகத்தில் நிழல் விழுந்த பக்கத்தில் வெள்ளைப் பிரிஸ்டல் அட்டையொன்றைப் பிடித்துக்கொண்டு நிற்குமாறு தோழியிடம் கேட்டுக்கொண்டாள். அந்த அட்டையில் பட்டுத் திரும்பிய ஒளியில் சிறுவனின் கண்கள் தெளிந்தன. இரும்பில் துரு பொரிந்திருந்ததும், அடிபட்டு அடிபட்டு ஓரிடம் மட்டும் மினுங்கியதும் படத்தில் அப்படியே தெரிந்தன. மேற்பாதி முழுதும் வெண்முகில். மலரின் பெயரை எழுத அதைவிட நல்ல இடம் வேறென்ன வேண்டும்?

அந்த மாணவி செய்ததில் இரண்டு பாடங்கள் அடங்கியிருக்கின்றன. முதலாவது, எழுத்துக்கு இடம் விடுவது. அட்டைப்படம் என்பது சுவரில் மாட்டும் படமன்று. அதன்மேல் பெயரும் ஆண்டும் இலச்சினையும் ஏற வேண்டும். எல்லா இடமும் நிறைந்த படத்தை எடுத்துவிட்டு, பிறகு எழுத்து தெரியவில்லையென்று அதற்கு மஞ்சள் விளிம்பும் சிவப்பு நிழலும் கொடுப்பதால்தான் நம் மலர்கள் பல தேர்தல் சுவரொட்டிகளைப் போலக் காட்சியளிக்கின்றன. கைப்பேசியை நெட்டாகப் பிடித்து, ஆட்களைக் கீழ் மூன்றில் இரண்டு பங்குக்குள் நிறுத்தி, மேலே வானமோ முகிலோ வெறுஞ்சுவரோ வருமாறு எடுத்தால் இந்தச் சிக்கலே எழாது.

இரண்டாவது, ஒளி. நம் பிள்ளைகள் அணிவது வெள்ளைச் சீருடை. உச்சி வெயிலில் அவர்களை நிறுத்தினால் கமரா தடுமாறிப்போகும்: முகத்துக்கேற்ப ஒளியைக் கூட்டினால் சட்டை மடிப்பெதுவுமின்றி வெறும் காகிதமாய் வெளுத்துவிடும், சட்டைக்கேற்பக் குறைத்தால் முகம் இருண்டுவிடும். கருநிற முகத்தை வெளிறச் செய்து அதையே அழகு என்று கொள்ளும் பழக்கம் ஒன்றும் இதனால்தான் நுழைகிறது. அதை நான் அடியோடு வெறுக்கிறேன். மலையகத்தின் முகில் மூடிய காலை வேளை இந்தச் சிக்கலுக்கு இயற்கை தந்த மருந்து. ஒளி எல்லாப் பக்கமும் பரவி வருவதால் முகமும் சட்டையும் ஒருங்கே தெளிவாக விழும். வெயில் நாளானால், வராந்தாவின் ஓரத்தில் வெளிப்புறம் பார்த்து நிற்கச் செய்யலாம். ஒளியைச் சற்றுக் குறைத்தே எடுப்பது நல்லது. இருண்ட பகுதியைப் பின்னர் கணினியில் ஓரளவு மீட்கலாம், வெளுத்துப் போனதை எவராலும் மீட்க முடியாது. ஹட்டன், தலவாக்கலைப் பக்கங்களில் தென்மேற்குப் பருவமழையும், ஊவாப் பக்கத்தில் ஆண்டிறுதியின் வடகீழ்ப் பருவமழையும் நாட்கணக்கில் வெளியே நிற்கவிடாமல் செய்யும் என்பதால், படமெடுக்கும் வேலையை அச்சுக்குக் கொடுக்கும் வாரம்வரை தள்ளிப்போடக் கூடாது.

அச்சைப் பற்றியும் மாணவர் அறிந்திருக்க வேண்டும். ஏ4 அளவு அட்டை 210 மில்லிமீற்றர் அகலமும் 297 மில்லிமீற்றர் உயரமும் கொண்டது. அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற கணக்கில் அதற்கு 2480க்கு 3508 பிக்சல்கள் தேவை. 12 மெகாபிக்சல் கைப்பேசி தருவது ஏறத்தாழ 3000க்கு 4000. ஆகவே விலையுயர்ந்த கமரா இல்லையே என்று எந்தப் பாடசாலையும் ஏங்க வேண்டியதில்லை. அந்த நல்ல படத்தை வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும்போதுதான் கெடுக்கிறோம். அது படத்தைச் சுருக்கிவிடும். அச்சில் முகங்கள் கட்டம் கட்டமாக உடைந்து தெரியும். படத்தை ஆவணமாக இணைத்து அனுப்பினால், அல்லது பென்ட்ரைவில் கொண்டுபோய்க் கொடுத்தால், எடுத்தபடியே போய்ச் சேரும். வெட்டுக்காக நான்கு ஓரங்களிலும் 3 மில்லிமீற்றர் கூடுதலாக விட வேண்டும். முதுகு ஒட்டிக் கட்டும் மலரானால் அதன் தடிப்பை முன்கூட்டியே கணக்கிட வேண்டும். சதுர மீற்றருக்கு 80 கிராம் எடையுள்ள தாள் ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர் தடிப்புள்ளது என்பதால் 200 பக்க, அதாவது 100 தாள், மலருக்கு முதுகு 10 மில்லிமீற்றர் அளவில் வரும். திரையில் கண்ணைப் பறிக்கும் தளிர்ப் பச்சை நான்கு நிற அச்சில் மங்கிவிடும் என்பது தேயிலை நாட்டில் வாழும் நாம் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய செய்தி. ஒரு பிரதியை மாதிரியாக அச்சிட்டுப் பகல் வெளிச்சத்தில் பார்க்காமல் ஒப்புதல் கொடுக்கக் கூடாது.

எழுத்துரு விடயத்தில் நடக்கும் தவறுகளை நினைத்தால் மனம் பொறுக்கவில்லை. பாமினியில் தட்டெழுதிய தலைப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக மாறிவிடுகிறது. யூனிகோட்டில் எழுதினாலோ, சில வடிவமைப்பு மென்பொருள்களில் தெற்காசிய மொழிகளுக்குரிய அமைப்பைத் தெரிவு செய்யாவிட்டால், ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னே வராமல் பின்னே போய் நின்றுவிடுகின்றன. உள்ளே நூறு பக்கங்களில் எழுத்துப்பிழை பார்த்த தமிழாசிரியரிடம் அட்டையை யாரும் காட்டுவதில்லை. கடைசிப் பார்வை அவருடையதாக இருக்க வேண்டும். கையெழுத்து அழகாக உள்ள மாணவர் ஒருவரைக் கொண்டு மலரின் பெயரைத் தூரிகையால் எழுதுவித்து, அதைப் படம்பிடித்துச் சேர்ப்பது இன்னும் சிறந்தது என்பது என் எண்ணம்.

நன்கொடையாளர் விடயத்தையும் சொல்லாமல் விட இயலாது. ஓரிடத்தில் மாணவர் எடுத்த நல்லதொரு படம், அச்சுச் செலவை ஏற்ற ஒருவரின் உருவப்படத்துக்கு வழிவிட்டு, முத்திரையளவில் ஒரு மூலைக்குச் சுருங்கியது. உதவியவருக்கு நன்றி சொல்லும் கடப்பாடு நமக்குண்டு. அதற்கு மலரின் உள்ளே ஒரு முழுப்பக்கமே ஒதுக்கலாம். முகப்பு பிள்ளைகளுக்கு உரியது.

பிள்ளைகளின் முகத்தை அச்சிடுமுன் பெற்றோரின் சம்மதத்தை எழுத்தில் பெறுவதும், வேண்டாம் என்பவரின் முடிவைக் காரணம் கேளாமல் ஏற்பதும் அவசியம். மலரை இணையத்தில் பகிரும் எண்ணமிருந்தால் அதையும் சம்மதக் கடிதத்திலேயே குறிப்பிட வேண்டும். சுற்றுலாப் பயணிகள் கேளாமலே படமெடுத்துப் போகும், தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களின் வாசல்களில் வளரும் பிள்ளைகளுக்கு, கேட்டுப் படமெடுக்கும் பண்பைப் பாடசாலைதான் கற்பிக்க வேண்டும்.

ஆகவே அதிபர்களிடம் நான் கேட்டுக்கொள்வது, சித்திரம், ஊடகக் கற்கை, தகவல் தொழினுட்பம் ஆகிய பாடங்களைப் பயிலும் மாணவர் சிலரைக் கொண்டு ஆண்டின் முதற்பாதியிலேயே அட்டைக் குழுவொன்றை அமைக்க வேண்டும் என்பதாகும். அச்சக உரிமையாளர்கள் அக்குழுவினரை ஒரு பிற்பகல் தம்மிடம் வரவழைத்து, தகடு ஏறுவதையும் நிறம் படிவதையும் அட்டை வெட்டப்படுவதையும் காட்டினால் அது பெரும் உதவியாக அமையும். தங்கள் பத்திரிகையின் மாணவர் பக்கத்தில் மலையகப் பாடசாலைகளின் சிறந்த முகப்புகளை ஆண்டுக்கு ஒருமுறை, படமெடுத்தவர், வடிவமைத்தவர், படத்தில் இருப்பவர் ஆகிய எல்லோருடைய பெயர்களுடனும் பிரசுரிக்க ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியை,
பண்டாரவளை.