வால்வு அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கும் இதய மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு வணக்கம்.

இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள என் மைட்ரல் வால்வில் கடுமையான கசிவு இருப்பதாக மூன்று ஆண்டுகளுக்கு முன் எக்கோ என்னும் இதய ஸ்கேனில் தெரிந்தது. அன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை உங்களில் ஒருவர் முன் அமர்ந்து, "மூச்சு வாங்குகிறதா?" என்ற கேள்விக்கு "இல்லை" என்று சொல்லி வருகிறேன். தினமும் ஐந்து கிலோமீட்டர் நடப்பவன் என்று தெரிந்ததும், அவசரமில்லை என்று ஃபைல் மூடப்பட்டுவிடுகிறது.

நான் பொய் சொல்லவில்லை. ஆனாலும் அந்த விடை சரியில்லை என்பது, "காபி ஆறிப்போகிறது, முன்பெல்லாம் இவ்வளவு நேரம் ஆகாதே" என்று என் மனைவி சொன்னபோதுதான் உறைத்தது. ஐம்பது நிமிடத்தில் முடித்த அதே சுற்றுக்கு இப்போது எழுபது நிமிடம் ஆகிறது. ரயில்வே மேம்பாலத்துப் படிகளை விட்டுச் சுற்றுவழியை எப்போது பிடித்தேன் என்பதே நினைவில்லை. ஓய்வு பெற்ற நான் மெதுவாக நடந்தால் கேட்பாரில்லை. சித்தாள் வேலை பார்ப்பவருக்கோ கூலி போய்விடும்.

கடைசி ரிப்போர்ட்டில் என் இதயம் சுருங்கும் திறன், அதாவது இடது கீழறையில் நிரம்பும் ரத்தத்தில் ஒரு துடிப்புக்கு வெளியேறும் பங்கு, 62 சதவீதம். கசியும் வால்வு வழியே ரத்தத்தில் ஒரு பங்கு அழுத்தம் குறைந்த இடது மேலறைக்கே திரும்புவதால், இந்த எண் உள்ளதைவிட நன்றாகத் தெரியும் என்பதை நானேதான் படித்துத் தெரிந்துகொண்டேன். வால்விலேயே பழுதுள்ளவர்களுக்கு அது 60 சதவீதத்துக்கு இறங்கினாலோ, சுருங்கிய நிலையில் இடது கீழறையின் விட்டம் 40 மில்லிமீட்டரைத் தொட்டாலோ, தொல்லை இல்லாவிட்டாலும் அறுவை சிகிச்சையைப் பரிந்துரைக்கிறது 2020ஆம் ஆண்டு அமெரிக்க வழிகாட்டுதல்.

ஆகவே, மூச்சு வாங்குகிறதா என்பதோடு நிறுத்தாமல், போன வருடம் செய்த எதை இப்போது செய்வதில்லை என்றும் கேளுங்கள், வீட்டாரிடமும் கேளுங்கள். சந்தேகமிருந்தால் உங்கள் கண்காணிப்பில் டிரெட்மில்லில் ஏற்றிப் பாருங்கள். இந்த இரண்டு எண்களையும் முந்தைய எக்கோவோடு ஒப்பிட்டு எங்களிடம் சொல்லுங்கள். வால்வைப் பழுதுபார்க்க முடியுமா என்பதையும் முன்கூட்டியே பேசுங்கள். அதை எடுத்துவிட்டு உலோக வால்வு வைப்பதென்றால் ஆயுள் முழுவதும் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரையும், ரத்தம் உறையும் நேரத்தை அளக்கும் ஐ.என்.ஆர். பரிசோதனையும் உண்டென்பதால், காத்திருப்பதா வேண்டாமா என்ற கணக்கே அதைப் பொறுத்து மாறுகிறது.

அடுத்த முறை வரும்போது, நடந்த நேரத்தைத் தினமும் குறித்துவைத்த நோட்டையும் கொண்டுவருகிறேன். எக்கோ ரிப்போர்ட்டின் பக்கத்தில் வைத்து அதையும் பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நோயாளிகளில் ஒருவன்